ஒரு கதிரைக்கு மூன்று மொழி

1

மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சப்பாத்து கொடுப்பார்கள். முன்பக்கத்தில் இரும்பு வைத்தது. பெட்டி விழுந்தால் கால்விரல் தப்பும், ஆனால் அதைப் போட்டு நடந்தால் முழங்கால் தப்பாது. இந்த வருடச் சோடியை வாங்கிக்கொண்டு வந்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன், இது எனக்குப் பதினோராவது. அப்படியென்றால் இந்த வேலைக்கு வந்து பதினொரு வருடம். யாரும் கேக் வெட்டவில்லை. சரி, ஊருக்கு நாலு வரி எழுதுவோம் என்று இருந்தேன். நாலு வரியோடு நிற்கிற ஆள் நானில்லை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

குளியலறைக் குழாய்களும் அதற்குரிய சாமான்களும் விற்கும் கொம்பனி இது. ஓடர்த் துண்டைப் பார்த்துச் சாமானை எடுத்து, பெட்டி கட்டி, மேலே விலாசம் ஒட்டுவது என் வேலை. காலை ஏழரையிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை சீமெந்துத் தரையில் நிலை. சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணித்தியாலம் குந்தியிருக்கலாம். அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உட்காருகிற ஒரு கதிரையைப் பற்றியும்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் என்னோடு மூன்று பேர். கமெல், அல்ஜீரியாவில் ஓரான் என்ற துறைமுகப் பட்டினத்துக்காரர், பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். லூஸ் மரீனா, கொலம்பியாக்காரி, திரும்பி வரும் சாமான்களைப் பிரித்துப் பார்ப்பவள். லூஸ் என்றால் அவர்கள் மொழியில் வெளிச்சம். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் வேறு விதமாகச் சிரிப்பார்கள் என்பதால் நான் எப்போதும் மரீனாவையும் சேர்த்தே கூப்பிடுவேன்.

எங்கள் மூவருக்கும் பொது மொழி பிரெஞ்சு. அந்தப் பிரெஞ்சைக் கேட்கிற கியூபெக்காரர் பாவம். அதனால் இங்கே அவர்கள் சொல்வதையெல்லாம் என்னுடைய தமிழிலேயே எழுதுகிறேன். கமெல் "ஓம்" என்று சொன்னால் அவர் சாவகச்சேரியில் பிறந்தவர் என்று நினைக்கவேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு சப்பாத்து நாளில்தான் இந்த மேசைக்குச் சொல் விசர் பிடித்தது. புதுச் சோடியைக் காலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சப்பாத்தும் கடிக்கப்போகுது" என்று எனக்குள் புறுபுறுத்தேன். இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

"சப்பாத் எண்டோ சொன்னனீங்கள்?" என்றார் கமெல். "எங்கட ஊரிலயும் அது சப்பாத்தான்."

"சப்பாத்தோ," என்றாள் லூஸ் மரீனா. "அது எங்கட சொல்."

மூன்று பேரும் எங்கள் கால்களைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது.

2

சங்கதி இதுதான். யாழ்ப்பாணத்துக்குச் சப்பாத்தைக் கொண்டுவந்தவர் போர்த்துக்கீசர். அவர்களின் மொழிக்கும் ஸ்பானியத்துக்கும் கூடப்பிறந்த உறவு. ஓரானை ஒரு காலம் ஆண்டவர்கள் ஸ்பானியர். அதற்கு முன் ஸ்பெயினில் பல நூறு வருடம் இருந்தவர்கள் அரபுக்காரர். யார் யாரிடம் வாங்கினார்கள், யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்று பார்க்கப்போனால் ஒரு கல்யாண வீட்டுச் சொந்தம்போல முடிவில்லாமல் போகும்.

மறுநாள் நான் சமையலறைக்கு எங்கள் "குசினி" என்றேன். கமெல் "கூஸீனா" என்றார். லூஸ் மரீனா "கொசீனா" என்றாள். மேசை என்றேன், அவளுக்கும் மேசா. பாண், அவளுக்கும் பான். தலை துடைக்கிற துவாய், அவளுக்குத் தொவாய்யா. நாங்கள் தூய தமிழ் என்று நினைத்துக் கதைத்துக்கொண்டிருந்த வீட்டுச் சாமானில் பாதியை அவள் கப்பலேறாமலே வீட்டில் வைத்திருந்தாள்.

கமெலுக்குப் பொறாமை வந்துவிட்டது. அவர் பங்குக்கு ஒரு நாள் முழுக்க யோசித்து வந்து, ஸ்பானியத்தில் சீனிக்கு "அசூக்கார்" என்று சொல்வது அரபு "சுக்கர்" என்றார். நான் விடுவேனா? அது எங்கள் பக்கத்துச் சர்க்கரைதான், பாரசீகம் வழியாகப் போய் உங்களிடம் ஏறியது என்றேன். தோடம்பழத்துக்கு அவள் "நறாஞ்ஹா" என்கிறாள், அரபில் "நாரஞ்ச்". அதற்கு மூலம் எங்கள் நாரத்தை என்று மகளின் கணினியில் பார்த்துக்கொண்டு வந்து சொன்னேன். அரிசியையும் சேர்த்துக் கேட்டேன். அவர்களின் "ருஸ்", இவர்களின் "அறோஸ்" எல்லாம் எங்கள் அரிசி என்றேன். அதில் படித்தவர்களே சண்டை பிடிக்கிறார்கள் என்று கமெல் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அரிசி வழக்கு நடக்கிறது.

பிழையாக அச்சான விலாச ஒட்டுகளின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். காலி, பதில், அசல், நகல், கைதி எல்லாம் அரபிலிருந்து வந்து எங்களோடு தங்கியவை என்று தெரிந்த நாளில் கமெல் எனக்கு ஒரு பேரீச்சம்பழப் பெட்டி தந்தார், எங்கள் சொற்களை இவ்வளவு காலம் வைத்துப் பார்த்ததற்கு என்று. காலி என்றால் அவருக்கும் வெறுமைதான். ஆனால் பதில் என்றால் அவருக்கு ஒன்றுக்கு ஈடாக வைக்கும் இன்னொன்று.

வேடிக்கை என்னவென்றால் வீட்டில் என் மகளும் அரபு கதைக்கிறாள், தனக்குத் தெரியாமலே. பெயர் ஆரபி, பதினேழு வயது. மொன்றியல் பிள்ளைகள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இரண்டு வசனத்துக்கு ஒரு "வல்லா" போடுவார்கள். "வீட்டுப்பாடம் முடிச்சிட்டன், வல்லா." நான் கமெலிடம் கேட்டேன். கடவுள்மேல் ஆணை என்று அர்த்தமாம். நாங்கள் கடவுளாணை என்று சொன்னால் வீட்டில் வாயில் அடி விழும், இவள் முருகன் படத்துக்கு முன் நின்று அல்லாமேல் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். சொன்னேன். "எல்லாரும் சொல்லினம் அம்மா, வல்லா," என்றாள்.

"யல்லா" என்று கமெல் வண்டியிலிருந்து கத்துவதும் "இறைவனே" என்பதுதான். இப்போது அதற்கு "கெதியா வா" என்று அர்த்தம். லூஸ் மரீனா எதற்கும் "ஒஹலா" என்பாள், நடந்தால் நல்லது என்று. அது "இறைவன் நினைத்தால்" என்ற அரபு, ஸ்பெயினில் இருந்த காலத்தில் விட்டுவிட்டு வந்தது. அவள் கோயிலுக்குப் போய்ச் சிலுவை போடுகிறவள். இது தெரிந்த அன்று சிலுவை போட்டுவிட்டு, "எங்கட அம்மம்மாவுக்குச் சொல்லக்கூடாது," என்றாள்.

3

இனிக் கதிரைக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் சாமான் வரவைப் பதிகிற ஒரு மேசை இருக்கிறது. கணினி, அச்சு யந்திரம், சில்லு வைத்த ஒரு கதிரை. ஜினெத் என்ற அம்மா இருபது வருடமாக அதில் இருக்கிறா. அவ இந்த மாதக் கடைசியில் ஓய்வு. எனக்கோ போன வருடமே டொக்டர் சொல்லிவிட்டார், வலது முழங்காலில் தேய்வு இருக்கிறது, நின்று செய்கிற வேலையைக் குறை, இல்லாவிட்டால் கத்தி வைக்கவேண்டி வரும் என்று. அந்தக் கதிரையை நான் போகவர எப்படிப் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நகைக்கடைக் கண்ணாடியைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை மேலாளர் றெஜான் என்னிடம் வந்தார். நல்ல மனிதர், சுருக்கமாகக் கதைப்பவர்.

"வதனி, ஜினெத் போறா. உங்களுக்கு எல்லாச் சாமானின்ர இலக்கமும் பாடம். அந்த மேசைக்கு நீங்கள் வரேலுமோ?"

என் நெஞ்சு துள்ளியது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இல்லையில்லை, பரவாயில்லை, எனக்கெதுக்கு. இளம் பிள்ளையள் ஆருக்காவது குடுங்கோ."

சிரித்த முகத்தோடு, தலையைச் சரித்து, முழு யாழ்ப்பாணத்து மரியாதையோடு சொன்னேன்.

"அப்படியோ. சரி," என்றுவிட்டு றெஜான் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். அவர் திரும்பிக் கேட்பார், "சும்மா சொல்லாதேங்கோ, நீங்கள்தான் வரவேணும்" என்பார், நான் "நீங்கள் இவ்வளவு சொல்லேக்கை" என்று தொடங்குவேன். அடுத்த வசனம் வாயில் தயாராக இருந்தது. அவர் முதுகு மட்டும் சின்னதாகிக்கொண்டு போனது.

உங்களுக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்போம். யாராவது அதை நம்பித் தேத்தண்ணி போடாமல் விட்டால் அந்த வீட்டைப் பற்றி ஆறு மாதம் கதைப்போம். முதல் தரம் சொல்கிற வேண்டாமுக்கு அங்கே ஒரு பெறுமதியும் இல்லை. இங்கே அது கையெழுத்து வைத்த கடிதம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"நீர் ஏன் வேண்டாமெண்டு சொன்னனீர்?"

"கேட்ட உடன ஓமெண்டால் என்னப்பா நினைப்பார்? காத்துக்கொண்டு நிண்டவள் எண்டெல்லோ நினைப்பார்."

"காத்துக்கொண்டுதானே நிண்டனீர்."

பதிலுக்கு அவர் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தேன், கமெலின் அரபுப் பதில்.

4

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் விசாரணை வைத்தார்கள். லூஸ் மரீனா ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் யாரும் அந்த இடத்துக்கு விண்ணப்பப் படிவம் கொடுக்காவிட்டால் மற்றக் கட்டடத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து போடப் போகிறார்களாம்.

"நீங்கள் வேண்டாமெண்டது உங்கட முழங்காலுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"எனக்கு அந்தரமாக் கிடந்தது," என்றேன். அந்தரத்துக்குப் பிரெஞ்சு தெரியாமல் அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு விளக்கத் தொடங்கினேன். நிலத்திலும் இல்லாமல் மேலேயும் இல்லாமல் நடுவில் தொங்குவது அந்தரம். எங்கள் ஊரில் கூச்சப்பட்டால், சங்கடப்பட்டால், அவசரப்பட்டால் எல்லாம் அந்தரம்.

இருவருக்கும் உடனே விளங்கிவிட்டது. "ஹ்ஷூமா," என்றார் கமெல். அடக்கம் என்ற சொல்லில் பிறந்து, வெட்கக்கேடு என்று வளர்ந்துவிட்ட சொல்லாம். அவர் ஊரில் பிள்ளைக்கு முதல் சொல்லிக்கொடுப்பது இதுதானாம், மாமா வீட்டில் இரண்டாவது இனிப்பை எடுக்காதே, ஹ்ஷூமா.

"எங்களுக்கு பேனா," என்றாள் லூஸ் மரீனா. எழுதும் பேனா அல்ல. எங்கள் பேனாவைப் போர்த்துக்கீசர் இறகு என்ற பொருளில் தந்தார்கள். இவளுடைய பேனா லத்தீனில் தண்டனையாக இருந்தது, பிறகு துயரமானது, கொலம்பியாவில் கூச்சமாகிவிட்டது. "கடையில காசு குடுத்துக் கோப்பி வேண்டேக்கையும், 'எனக்கொரு கோப்பியைப் பரிசாத் தாங்கோ' எண்டுதான் நாங்கள் கேக்கிறது. நேர கேட்டால் பேனா."

அடக்கம், தண்டனை, அந்தரம். மூன்று கண்டத்தில் மூன்று பேரையும் நிற்க வைத்த சொற்கள். நான் சிரித்தேன், ஆனால் எனக்குக் கவலையாகவும் இருந்தது. அந்த மேசையில் அன்றைக்கு முதல் தரம் என் முழங்கால் எவ்வளவு நோகிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

புதன்கிழமை ஒத்திகை. கமெல் றெஜானாக நடித்தார். கையில் ஒரு குழாயைப் பேனாபோலப் பிடித்துக்கொண்டு, "மதாம், என்ன வேணும்?" என்றார்.

"உங்களுக்குக் கரைச்சல் இல்லாட்டில், வேற ஒருத்தருக்கும் தேவையில்லாட்டில்..."

"ஹலாஸ்," என்றார் கமெல். முடிந்தது என்று அர்த்தம். "வேலை போட்டுது. அடுத்த ஆள்."

மறுபடி தொடங்கினேன். "நான் ஒருக்கா யோசிச்சுப் பாத்தனான்..."

"ஹலாஸ்."

லூஸ் மரீனா மேசையில் தட்டிச் சொன்னாள், "'கியேறோ' எண்டு சொல்லுங்கோ. எனக்கு வேணும். அவ்வளவுதான்."

"ப்கீத்," என்றார் கமெல். "எங்களுக்கு அது."

அங்கேயும் ஒரு புதினம் இருந்தது. கியேறோவின் லத்தீன் மூலத்துக்குத் தேடுதல் என்று பொருள். ப்கீத்தின் அரபு மூலத்துக்கும் தேடுதல்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழி, தேடினவனுக்குத்தான் ஆசை என்று தனித்தனியே முடிவெடுத்திருக்கின்றன. உங்களுடையது என்ன என்று கேட்டார்கள். வேணும் என்றேன். வேண்டுதல் என்றால் கோயிலில் கேட்பது, எங்கள் ஊரில் வேண்டுவது என்றால் கடையில் வாங்குவதும்தான் என்றேன்.

"அப்ப கடவுளிட்டையும் கடைக்காரனிட்டையும் கேப்பியள்," என்றார் கமெல். "றெஜானிட்ட மட்டும் கேக்க மாட்டியள்."

5

வியாழக்கிழமை பின்னேரம் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் இன்னும் படிவம் இல்லை. பெயர், ஊழியர் இலக்கம், பகுதி எல்லாம் நானே நிரப்பினேன். கடைசியில் ஒரு கேள்வி. இந்த இடம் உங்களுக்கு ஏன் வேண்டும்? கீழே இரண்டே இரண்டு கோடு. நான் வேறொரு தாளில் ஒரு பக்கம் எழுதினேன். கொம்பனிக்கு என்ன நன்மை, ஜினெத் எவ்வளவு கெட்டிக்காரி, மற்றவர்களுக்கு விருப்பமில்லாவிட்டால் மாத்திரம் என்றெல்லாம் எழுதி, பிரெஞ்சைத் திருத்தித் தரச்சொல்லி ஆரபியிடம் கொடுத்தேன்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, இதில நீங்கள் எங்க?"

"என்னடி எங்க?"

"ஏன் வேணுமெண்டு கேக்கினம். ஆருக்கு வேண்டாமெண்டு எழுதியிருக்கிறீங்கள்."

மரியாதைக்கு அப்படித்தான் எழுதவேண்டும் என்று சொன்னேன். தேத்தண்ணிக் கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் சின்னனில ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உங்களிட்டக் கேக்கிறனான், என்ன வேணுமெண்டு. ஒண்டும் வேண்டாமெண்டுதான் சொல்லுவீங்கள். பேந்து நான் கேக்காமல் விட்டிட்டன்." அவளுக்குத் தமிழ் தடுமாறியது, ஆனாலும் பிரெஞ்சுக்குத் தாவவில்லை. "நான் அதை நம்பினனான் அம்மா."

பிள்ளை எங்களை விட்டு விலகிப் போகிறது, கேள்வி கேட்பதில்லை, பக்கத்தில் வருவதில்லை என்று கனடாவையும் பள்ளிக்கூடத்தையும் கைபேசியையும் எத்தனை தரம் திட்டியிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான்தான் ஒவ்வொரு தரமும் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஒரு பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, இரண்டு கோட்டில் அவள் எழுதித் தந்தாள். இந்த வேலை எனக்குத் தெரியும். எனக்கு இது வேண்டும். இரண்டாவது வசனத்தில் எங்காவது ஒரு "தயவுசெய்து" போடலாமா என்று கேட்டேன்.

"இல்லை," என்றாள். "வல்லா, அம்மா."

6

வெள்ளிக்கிழமை பத்து மணி இடைவேளையில் றெஜானின் அறைக்குப் போனேன். கமெல் வேண்டுமென்றே வண்டியை அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, இல்லாத பாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் ஜினெத்தும் இருந்தா. படிவத்தை மேசையில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளைபோல நின்றேன்.

"அந்த இடம் எனக்கு வேணும்," என்றேன். வசனத்துக்கு வாலும் வைக்கவில்லை, தலையும் சரிக்கவில்லை. என் குரலைக் கேட்டு நானே பயந்துவிட்டேன்.

றெஜான் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம்.

"திங்கட்கிழமை நீங்கள் வேண்டாமெண்டெல்லோ சொன்னனீங்கள்."

"ஓம். அது எங்கட ஊரில வேண்டாமெண்டு அர்த்தமில்லை."

அவர் நெற்றியைச் சுருக்கினார். தேத்தண்ணிக் கதையை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். முதல் தரம் மறுப்பது மரியாதை, இரண்டாம் தரமும் கொஞ்சம் மறுக்கலாம், மூன்றாம் தரம் கேட்டால் ஓமென்று சொல்லலாம், நீங்கள் ஒரு தரம்தான் கேட்டீர்கள் என்றேன்.

றெஜான் கதிரையில் சாய்ந்தார்.

"மதாம், நான் உங்களிட்டக் கேட்டது ஒருதரம் இல்லை. ஜினெத் சத்திரசிகிச்சைக்குப் போகேக்கை, ஆறு மாதத்துக்கு அந்த மேசையைப் பாக்கிறீங்களோ எண்டு கேட்டனான். பரவாயில்லை எண்டனீங்கள். கொரோனா முடிஞ்ச கையோட இரண்டாவது ஆள் தேவைப்பட்டுது. அப்பவும் கேட்டனான். இளம் பிள்ளைக்குக் குடுங்கோ எண்டனீங்கள். உங்களுக்கு நிண்டு செய்யிறதுதான் விருப்பம் எண்டு நினைச்சன்."

ஜினெத் தலையாட்டினா. "நானும் அப்படித்தான் நினைச்சன்," என்றா.

நினைவு வந்தது. இரண்டு தரமும் நினைவு வந்தது. ஜினெத்தின் சத்திரசிகிச்சை என் நாலாவது சோடிச் சப்பாத்து காலத்தில், அப்போது முழங்காலில் ஒரு நோவும் இல்லை. இரண்டு தரமும் நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அவர் திரும்பிக் கேட்பார் என்று. அவர் கேட்டிருக்கிறார். எங்கள் முறை ஒன்றும் தெரியாத அந்த மனிதர், ஒரு தரமும் கோபப்படாமல், முறைப்படி மூன்று தரமும் கேட்டிருக்கிறார். தேத்தண்ணி ஆறுவதற்கு ஏழு வருடம் எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் வந்தது, கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வந்தது. என்ன நடந்தது என்று விளங்காமலே அவர்கள் இருவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். றெஜான் படிவத்தில் கையெழுத்து வைத்தார். திங்கட்கிழமை தொடங்கலாம், ஜினெத் கணினியைக் காட்டித் தருவா என்றார்.

"கணினி காட்ட என்னத்துக்குத் திங்கட்கிழமை மட்டும் பொறுக்க?" என்று ஜினெத் எழும்பினா. "இப்பவே ஒருக்காக் காட்டிவிடுறன். வாங்கோ, இருங்கோ."

வெளியே வந்து தன் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் விட்டா. எழுபது வயதுக்குக் கிட்ட ஒரு மனுசி நிற்க நான் எப்படி இருப்பது? என் வாய் திறந்தது. பரவாயில்லை அம்மா, நீங்கள் இருங்கோ, நான் நிண்டுகொண்டே பாக்கிறன். முழு வசனமும் நாக்கு நுனியில் வந்து நின்றது.

வாயை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தேன்.